பழைய கிட்டங்கியின் வளை தொய்ந்திருந்தால்

மேல்மாடியைத் தாங்கும் மர வளையை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். புறக்கோட்டைக் கிட்டங்கியில் நடுவளை இரண்டு அங்குலம் தொய்ந்து கிடக்கிறது, விழுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய மரம் பல வருடம் பாரம் சுமந்தால் அப்படித் தொய்வது வழக்கம்தான், அதை மட்டும் வைத்து ஆபத்து என்று சொல்ல முடியாது. எனக்குப் பயம் நடுவில் இல்லை, சுவருக்குள் போகும் இரண்டு நுனியில்.

சுண்ணாம்புச் சுவரில் பிறகு யாரோ சீமெந்து பூசியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் வில்லங்கம் அதுதான். கூரைப் பீலி ஒழுகி இறங்கும் தண்ணீர் வெளியே காய வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், மர நுனி ஊறி உளுத்துவிடும், அப்புறம் கறையானுக்குச் சொல்லவா வேண்டும்.

ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து, சுவரை ஒட்டிய இடத்தில் வளையின் அடியிலும் பக்கத்திலும் அழுத்திக் குத்துங்கள். நல்ல மரமென்றால் டிரைவர் நுனி லேசாகப் பதிந்து நார் நாராய்ச் சிலும்பும். பிஸ்கட் மாதிரிப் பொடிந்து உள்ளே இறங்கினால் உடனே அடியில் முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். ஈரமானி கிடைத்தால் வையுங்கள், 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பூஞ்சை வரலாம். வளைக்கு நேர்கீழே நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் வளைக்கும் உள்ள இடைவெளியைத் திகதியோடு சுவரில் எழுதி, தென்மேல் பருவமழை முடிய மறுபடி அளந்து பாருங்கள், இடைவெளி குறைந்தால்தான் தொய்வு இன்னும் நடக்கிறது.

ஒன்று, வெளியே திடமாக இருந்தும் சுவருக்குள் இருக்கும் பகுதி கெட்டிருக்கலாம், குத்திப் பார்த்ததை மட்டும் நம்பி மேல்மாடியில் அரிசி மூட்டை அடுக்காதீர்கள்.