வளவும் எழுத்தும்

"எழுதுகிறவருக்கு வீட்டுத்தோட்டம் உண்மையிலேயே உதவுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும், ஆனால் அமைதி தருவதால் அல்ல. மட்டக்களப்பில் வளவு வைத்திருப்பவருக்கு அமைதி ஏது? கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மணல் தரை கொதிக்கும். காலையும் மாலையும் கிணற்றில் அள்ளி ஊற்றாவிட்டால் கத்தரிக் கன்று துவண்டுவிடும். விடிய எழும்பித் தண்ணீர் ஊற்றுகிறவர், வெயில் ஏறியதும் வேறு வழியின்றி மேசைக்கு வந்துவிடுவார். முதல் லாபம் இதுதான்.

அதைவிடப் பெரியது, கண் பழகுவது. வளவில் புழங்குகிறவர் 'மரத்தடியில் நின்றாள்' என்று சும்மா எழுதமாட்டார். முருங்கையென்றால் மயிர்க்கொட்டிக்குப் பயந்து தள்ளித்தான் நிற்பாள். பலாவென்றால் காலடியில் சருகு நொறுங்கும், இரவில் யாரும் சத்தமில்லாமல் வரமுடியாது. பாதிக் கதை அங்கேயே கிடைத்துவிடுகிறது.

வயதான தென்னை நின்றால் அது 1978 நவம்பர் சூறாவளிக்கு முந்தியதா பிந்தியதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கரையோர வீடென்றால் 2004 சுனாமியில் கிணறு உப்பானதையும் விசாரியுங்கள். பேச்சு லேசில் முடியாது.

வாடகை வீடா? பழைய வாளியில் இரண்டு மிளகாய்க் கன்று போதும். மாரியில் தோட்டத்தில் இருந்து எழுதலாமென்று மட்டும் நினைக்காதீர்கள், நுளம்பு விடாது.