கடைப் பெயர்ப்பலகையை நாமே செய்ய என்ன பொருள், எந்த மென்பொருள்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பலகாரக் கடைக்குத் தமிழிலும் மலாயிலும் பலகை செய்யக் கேட்டிருந்தீர்கள். வெளியில் மாட்ட 3 மி.மீ. ஏசிபி தகடு (இருபுறமும் அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக்) நல்லது. பிவிசி ஃபோம் போர்டு மலிவுதான், ஆனால் நம் வெயிலில் வளையும். எழுத்துகளை வெட்டி ஒட்டும் வினைல் ஸ்டிக்கர் தாளில் ‘காஸ்ட்’ ரகம் வாங்குங்கள். சாதா ரகம் சீக்கிரம் சுருங்கி ஓரம் தூக்கும்.

மென்பொருளில்தான் பலர் அடிபடுகிறார்கள். இங்க்ஸ்கேப் இலவசம், யுனிகோடு தமிழ் அதில் சரியாக வரும். ஆனால் எழுத்தைப் ‘பாத்’ ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றாமல் ஸ்டிக்கர் வெட்டும் கடைக்கு அனுப்பவே கூடாது. அக்கா கடைக்கு நான் அப்படி அனுப்பி, ‘தேன்குழல்’ இரட்டைக்கொம்பு ‘த’ எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. வெட்டியும் கொடுத்துவிட்டார்கள். காசு போனதைவிட, தமிழ் அப்படி உடைந்து கிடந்ததுதான் வலித்தது.

அப்புறம் புள்ளி. மெல்லிய எழுத்துருவில் அது கடுகளவுதான் இருக்கும். வேண்டாத வினைலை உரிக்கும்போது கூடவே வந்துவிடும். தடித்த எழுத்துரு எடுத்து, புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். தகட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினால் நகர்த்தி நேராக்கலாம். நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்க்க வேண்டும்.

மாட்டும் முன் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தில் உரிமம் எடுங்கள். பலகையில் மலாய்தான் முதன்மையாகத் தெரிய வேண்டும், அதற்கேற்ப இடம் ஒதுக்கிவிட்டு வரையத் தொடங்குங்கள்.