கதவுக்கு வெளியே வைத்த டப்பா

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. வலி மாத்திரை போதைக்கு அடிமையாகிவிட்டான். கைக்குழந்தையாக இருந்தபோது பிளாஸ்டிக் பாட்டிலில்தான் பால் கொடுத்தேன். பிளாஸ்டிக் ரசாயனம் ஹார்மோனைக் கெடுத்து போதைப் பழக்கத்தையும் தூண்டும் என்று படித்ததில் இருந்து தூக்கமே இல்லை. வீட்டில் இருந்த பிளாஸ்டிக்கை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன். சாப்பாட்டைக்கூட இப்போது எவர்சில்வர் டப்பாவில்தான் போட்டு அவன் அறை வாசலில் வைக்கிறேன். அவன் இப்படி ஆனதற்கு நான்தான் காரணமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: நீங்கள் படித்ததில் விஷயம் இருக்கிறது. பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலில் இருக்கும் பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம், சூடாக ஏதாவது ஊற்றினால் கூடுதலாகக் கசியும். உடம்புக்குள் போனால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல வேலை காட்டும். கருவிலும் பால்குடிப் பருவத்திலும் அது சேர்ந்த சுண்டெலிகளுக்கு மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருள் மீது நாட்டம் அதிகமானதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003-ல் எழுதினார்கள். மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற ரசாயனம் வேலை செய்யும் விதம் மாறியிருந்தது. ஆனால் அது சுண்டெலி. மனிதர்களிடம் இது நிரூபணமாகவில்லை. குழந்தைப் பாட்டிலில் பாலிகார்பனேட் கூடாது என்று இந்தியாவில் தரவிதி வந்ததே 2015-ல்தான். உங்கள் மகன் பால் குடித்த காலத்தில் கடைக்காரர் கொடுத்ததை வாங்கினீர்கள். பாட்டில் பேச்சு இதோடு போதும்.

“அறை வாசலில் வைக்கிறேன்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது எத்தனை மாதமாக நடக்கிறது? டப்பா எவர்சில்வர் என்று சொல்லத் தோன்றிய உங்களுக்கு, உள்ளே இருக்கும் பிள்ளையின் முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. கண் எப்படி இருக்கிறது, குளிக்கிறானா, மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்ட தழும்பு கையில் இருக்கிறதா? அவன் அப்பாவைப் பற்றிக் கடிதத்தில் பேச்சே இல்லை. பெற்ற பிள்ளைக்கு வாசலில் சோறு வைத்துவிட்டுத் திரும்பி வருவது என்ன வளர்ப்பு? பழியைப் பாட்டில்மேல் போட்டாலும் உங்கள்மேல் போட்டுக்கொண்டாலும், அந்தக் கதவைத் தட்டாமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்று ராத்திரி தட்டுங்கள். திறக்கும்வரை நில்லுங்கள். அவன் அப்பாவையும் கூப்பிட்டு மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடுங்கள். திட்ட வேண்டாம். மாத்திரையைப் பிடுங்கிக் கொட்டவும் வேண்டாம். திடீரென்று நின்றால் உடம்புவலி, வாந்தி, பேதி என்று துடித்து மறுபடி அதைத்தான் தேடுவான். அதற்கு மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நீங்கள் இரண்டு பேரும் கூடவே போங்கள், தனியாக அனுப்பாதீர்கள். முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14446, போதை மீட்புக்கான தேசிய உதவி எண். ஊசி போட்டிருந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி பரிசோதனையையும் அன்றைக்கே கேட்டு எடுத்துவிடுங்கள்.