நம்ம ஊர் வெயிலில் பழைய பீட்டில் தாங்குமா?

கேள்வி: ரேடியேட்டரே இல்லாத பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை செட்டிநாட்டு வெயிலில் ஓட்ட முடியுமா? ஆசைக்கு ஒன்று வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள். காரைக்குடியில் இருந்துகொண்டு 1960களின் பீட்டில் ஒன்றைப் பல வருடமாக ஓட்டுகிறேன். வெயிலால் இந்த இன்ஜின் கெட்டு நான் பார்த்ததில்லை. யாரோ கழற்றிப் போட்ட தகரத்தால் கெட்டதைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்ஜின் பின்னால் இருக்கிறது; தண்ணீரால் இல்லாமல் காற்றால் குளிர்வது. மின்சாரம் தரும் டைனமோவின் ஷாஃப்டிலேயே பெரிய ஃபேன். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள கீற்றுகள் வழியாக வரும் காற்றை அது இழுத்து, நான்கு சிலிண்டர்களின் மேலும் அடித்துக் கீழே தள்ளும். மேலே குளிர்ந்த காற்று, கீழே சுட்ட காற்று. இரண்டும் கலக்காமல் தடுப்பது இன்ஜினைச் சுற்றியுள்ள தகரத் தட்டுகளும் ரப்பர் பட்டையும்தான். "இது எதுக்குங்க, லொடலொடன்னு ஆடுது" என்று ஏதாவது பட்டறையில் கழற்றிவிடுவார்கள். பிறகு கீழே போன சூட்டையே ஃபேன் திரும்ப இழுக்கும். அதனால் வண்டி பார்க்கப் போனால் பெயின்ட்டில் மயங்காதீர்கள். பின்மூடியைத் திறந்து குனிந்து பாருங்கள். இன்ஜின் ஓரத்தில் தரை தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பழைய மாடல்களில் மூன்றாவது சிலிண்டருக்கு எப்போதும் கொஞ்சம் கஷ்டம். ஆயில் கூலர் அதன் காற்றை மறித்து நிற்கும். 1971 மாடலில்தான் கூலரைத் தள்ளித் தனிக் கூட்டுக்குள் வைத்தார்கள். டேப்பெட் வைக்கும்போது, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்யும்போது, அந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வை நான் இருமுறை பார்ப்பேன். ஆயில் மொத்தமே இரண்டரை லிட்டர், பேப்பர் ஃபில்டரும் கிடையாது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

டைனமோ சிவப்பு விளக்கு எரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வேறு சில கார்களில் வீடு வரை ஓட்டிவிடலாம். இதில் டைனமோவைச் சுற்றும் பெல்ட் அறுந்தால் ஃபேனும் நின்றுவிடும். திருமயம் தாண்டி ஒரு நண்பருக்கு அப்படி ஆனது. அவர் பையில் பெல்ட் இல்லை, கூட வந்த கோயம்புத்தூர்க்காரரிடம் இருந்தது. 21 மி.மீ. ஸ்பேனரால் நட்டைத் திருகி, புல்லியின் இரண்டு தட்டையும் பிரித்து, புதுசை மாட்டினோம். தட்டுகளின் நடுவில் இருந்த ஷிம் என்ற மெல்லிய வளையம் ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் போட்டதும் பெல்ட் பதமாக இறுகியது. கட்டைவிரலால் அழுத்தினால் 15 மி.மீ. அளவு இறங்க வேண்டும்.

இந்த வண்டியோடு சேர்ந்து வரும் மனிதர்களுக்காகவே இதை வாங்கலாம் என்பேன். முன்பின் தெரியாதவர் ஊர் விட்டு ஊர் கார்புரேட்டர் ஜெட் அனுப்பிவைப்பார், காசைப் பற்றிப் பேச்சே இருக்காது. கானாடுகாத்தானில் நாங்கள் வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் திண்ணையில் இருந்து பெரியவர்கள் இறங்கி வந்துவிடுவார்கள். ஒரு ஆச்சி பானட்டைத் தடவிப் பார்த்து, "எங்க வீட்லயும் வெளிநாட்டுக் காரு நின்னுச்சு தம்பி, ஐயா வேற யாரையும் தொட விடமாட்டாக" என்றார். அன்று மத்தியானம் எங்கள் எல்லோருக்கும் அவர் வீட்டில்தான் சாப்பாடு.

பாகங்களுக்குப் பயப்படாதீர்கள். மெக்சிகோவில் 2003 வரை உற்பத்தி நடந்தது. மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் வெளிவந்த கார் இது. இன்றும் புதுப் பாகங்கள் செய்கிறார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மட்டும் பீட்டில் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிப்போங்கள். கூப்பிட்டால் டார்ச்சோடு வந்துவிடுவார்கள்.