சும்மா காரில் வருகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

சான் ஹோசேயில் வேலை பார்க்கிறேன். வருகிற ஆகஸ்டில் ஜான் மியூர் ட்ரெயிலை யோசெமிட்டியில் தொடங்கி விட்னி மலை வரை 21 நாட்களில் நடந்து முடிக்கத் திட்டம். பெர்மிட் கிடைத்துவிட்டது. மொத்தச் சாப்பாட்டையும் முதுகில் சுமக்க முடியாது என்பதால், என் மனைவி ஆறு வயது மகளோடு சும்மா காரில் வந்து ஐந்து இடங்களில் கொடுத்துவிட்டுப் போவாள். எங்கள் ஹைக்கிங் குழு நண்பர் ஒருவர், "வீட்டு ஆள் சோறு கொண்டுவந்தால் அது ஹைக்கிங் இல்லை, பிக்னிக். கேட்வுட் பாட்டி தனியாகத்தானே நடந்தார்?" என்கிறார். மனசு விட்டுப்போயிற்று. உங்கள் மகனின் நடையைப் பற்றி 2012இல் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. குடும்பத்தின் துணையோடு நடப்பது நேர்மையான நடைதானா? பூட்ஸ் வாங்கட்டுமா, ஓடுகிறவர்கள் போடும் ஷூ போதுமா? கரடிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள்.

செ.

அன்புள்ள செ.,

வழக்கமாக இந்த மாதிரிக் கடிதங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டுவிடுவேன். உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லில் கால் இடறிவிட்டது. "சும்மா."

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது என் மனைவியின் பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. நாங்கள் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்த ஆறு மாதத்துக் கணக்கு. பால், ரொட்டி, டயப்பர் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிற எழுத்து ஒரு பக்கத்தில் நின்று, வெறும் கோடுகள். நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. தேங்காய் எண்ணுகிறவர்கள் போடுவார்களே, அப்படி. அந்தப் பக்கத்தைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். ஷூ எதுவாக இருந்தாலும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், நடக்க நடக்கப் பாதம் வீங்கும். கரடி உங்கள் மேல் ஆசைப்படாது, உங்கள் கடலை மிட்டாய் மேல்தான் ஆசைப்படும். சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாதபடி வைக்கிற கரடி டப்பா கட்டாயம், ஒரு கிலோவுக்கு மேல் எடை, திட்டிக்கொண்டே சுமங்கள். அவ்வளவுதான்.

உங்கள் நண்பருக்கு இரண்டே வார்த்தை. நெடுந்தூர நடையில் சாதனைக் கணக்கு வைப்பவர்கள் அதை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே சுமப்பது, வழியில் தானே ஏற்பாடு செய்துகொள்வது, துணைக்கு ஆள் வைத்துக்கொள்வது. மூன்றாவதைப் பொய் நடை என்று யாரும் சொல்வதில்லை. 2011இல் ஜெனிபர் ஃபார் டேவிஸ், அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிற கிட்டத்தட்ட 3,500 கிலோமீட்டர் அப்பலாச்சியன் பாதையை 46 நாள் 11 மணி 20 நிமிடத்தில் முடித்தார். சாலை பாதையைக் கடக்கிற இடங்களிலெல்லாம் கணவர் ப்ரூ வண்டியோடு நின்றார். நடுவில் உடம்பு முடியாமல் விட்டுவிடலாம் என்று ஜெனிபர் உட்கார்ந்தபோது எழுப்பி அனுப்பியவரும் அவர்தான். 2015இல் அந்தச் சாதனையைச் சுமார் மூன்று மணி நேரத்தில் முந்தினார் ஸ்காட் ஜூரெக். அங்கே வண்டி ஓட்டியவர் மனைவி ஜென்னி. இவர்கள் போனது பிக்னிக் என்றால் உங்கள் நண்பர் ஒரு முறை அந்தப் பிக்னிக் போய்வரட்டும்.

எம்மா கேட்வுட்? 1955இல், 67 வயதில், கான்வாஸ் ஷூவும் தானே தைத்த துணிப்பையுமாக அப்பலாச்சியன் பாதையை முடித்தவர். மாபெரும் மனுஷி. ஆனால் வழியில் முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி அவர்கள் போட்டதைச் சாப்பிட்டு, இடம் கொடுத்தால் படுத்து எழுந்துதான் போனார். இன்னொன்று: பதினொரு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி முடித்த பிறகுதான் அவர் வீட்டை விட்டுக் கிளம்பினார். உங்கள் மகளுக்கு ஆறு வயது.

நேர்மையான நடையா என்று கேட்டிருக்கிறீர்கள். நடையில் ஒரு குறையும் இல்லை. கடிதத்தில்தான் இருக்கிறது.

வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு நீங்கள் எழுதிய ஐந்து இடங்களையும் குறித்துப் பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா? துவலமி மெடோஸ், ரெட்ஸ் மெடோ, எடிசன் ஏரி, ஆனியன் வேலி, கடைசியில் விட்னி போர்ட்டல். உங்களுக்கு இது ஒரே கோடு, மலை முதுகின் மேலேயே 340 கிலோமீட்டர். காருக்கு அப்படி இல்லை. யோசெமிட்டி ஓரத்து டியோகா கணவாய்க்குத் தெற்கே சியர்ரா மலையைக் குறுக்காகத் தாண்டுகிற சாலை நீங்கள் நடக்கப்போகிற நீளம் முழுவதிலும் ஒன்றுகூடக் கிடையாது. மலையின் தென்கோடிக்குப் போனால்தான் உண்டு. ரெட்ஸ் மெடோவுக்குச் சாலை கிழக்கிலிருந்து. எடிசன் ஏரிக்குச் சாலை மேற்கிலிருந்துதான். ஆனியன் வேலி மறுபடி கிழக்கு. நீங்கள் மூன்று நாளில் நடந்து கடக்கிற தூரத்துக்கு உங்கள் மனைவி டியோகா கணவாய் வழியாக மலையைத் தாண்டி, ஃப்ரெஸ்னோ பக்கத்து அடிவாரத்துக்கு இறங்கி, திரும்ப ஏற வேண்டும். ஏறும்போது கைசர் கணவாய் என்று ஒன்று வரும். ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரே ஒருவன் வந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே போக வேண்டும். பின் சீட்டில் குழந்தை "அம்மா, வாந்தி வருது" என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்து திரும்பவும் மலையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே வர வேண்டும். பேக்கர்ஸ்ஃபீல்டு வழியாக வந்தாலும் சரி, ஒரு முழுப் பகல் போய்விடும்.

இதைத்தான் "சும்மா காரில் வந்து" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வேலைக்குப் போகிறாரா என்றுகூட எழுதவில்லை. உங்கள் முதுகுப்பையை கிராம் கணக்கில் நிறுத்துப் பார்த்திருப்பீர்கள். டூத் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்துவிட்டீர்களா இல்லையா, உண்மையைச் சொல்லுங்கள். அந்த அம்மாவின் பயணத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் கூட்டிப் பார்த்தீர்களா?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. பாதிக் கோபம் என் மேல்தான்.

அந்த 2012 ஆகஸ்டில் என் மகன் இதே பாதையில் நடந்தான். ஒரு சனிக்கிழமை மதியம் கியர்சார்ஜ் கணவாய் வழியாக ஆனியன் வேலிக்கு இறங்குவான், நாங்கள் சாப்பாட்டோடு நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. மருமகள் வெள்ளி, திங்கள் இரண்டு நாளும் லீவு போட்டாள். பேத்திக்கு அப்போது எட்டு மாதம். இண்டிபெண்டன்ஸ் என்ற ஊரிலிருந்து 20 கிலோமீட்டர் ஏற்றம். ஊர் 1,200 மீட்டரில் இருக்கிறது, சாலை முடிகிற இடம் 2,800 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பக்கம் ஒன்றுமே இருக்காது, ஆகாயம்தான்.

மேலே கார்கள் நிற்கிற இடத்தில் பழுப்பு நிற இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். தின்பண்டம் எதையும் காரில் விடக் கூடாது, கரடி கதவைப் பிய்த்துவிடும். மனைவி செய்து எடுத்துவந்த புளியோதரைத் தூக்கும் பேத்தியின் பால் பவுடரும் அந்தப் பெட்டிக்குள் போயின. அதைத் திறக்க ஒரு சந்துக்குள் கையை விட்டுக் கொக்கியை மேலே தள்ள வேண்டும். கரடியால் முடியாது. என் மனைவியாலும் முதல் மூன்று முறை முடியவில்லை.

மதியம் வந்தது, மகன் வரவில்லை. இரண்டு மணி, நான்கு மணி. மலைக்கு அந்தப் பக்கம் இடி. செல்போனில் ஒரு புள்ளிகூட இல்லை. என் மனைவி பாதை வந்து முடிகிற இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, இறங்கி வருகிற ஒவ்வொருவரையும் "மை சன்? ப்ளூ கேப்?" என்று கேட்டாள். ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு கோடு. ஒருவர், மேலே ஆலங்கட்டி மழை என்று சைகையில் காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மருமகளிடம் தத்துவம் பேசினேன். மலையில் கடிகாரம் வேறு, நம் கடிகாரத்தை வைத்து அதை அளக்கக் கூடாது, இப்படி. அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். பதில் சொல்லவில்லை. இருட்டியதும் குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு, போன் செய்வதற்காகத் தனியாக ஊருக்கு வண்டியை இறக்கினாள். யாரை அழைப்பது? அதை யாரும் அவளிடம் சொல்லிவைக்கவில்லை. மகனின் நண்பர்கள் இரண்டு பேருக்குப் பேசிவிட்டுத் திரும்ப மேலே வந்து எங்களை அழைத்துக்கொண்டு போனாள். எத்தனையோ வருஷம் கழித்து, ஏதோ பேச்சில், "மாமா, அன்னிக்கு அந்த வளைவுல பயத்துல சத்தமா பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டினேன்" என்றாள். என்ன பாட்டு என்று கேட்டேன். நினைவில்லையாம்.

மகன் ஞாயிறு மாலைதான் இறங்கினான். க்ளென் கணவாய் மேல் மேகம் திரண்டிருந்ததால் ரே ஏரிகளிலேயே ஒரு நாள் கூடாரம் போட்டுவிட்டானாம். 3,650 மீட்டர் உயரத்தில் மொட்டைப் பாறை மேல் இடியோடு விளையாடாமல் உட்கார்ந்தது சரியான புத்தி. அவன் பொறுமையைப் புகழ்ந்து நான் எழுதிய கட்டுரையைத்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள். நேற்று இரவு அதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "தனியாக" என்ற சொல் பதினொரு முறை வருகிறது. என் மருமகள் ஒரு முறைகூட வரவில்லை. "கீழே குடும்பம் காத்திருந்தது" என்று ஒரே ஒரு வாக்கியம். அதிலும் பாதி மேகத்தைப் பற்றியது. ஆக, உங்கள் "சும்மா"வை நீங்கள் என்னிடமிருந்துதான் கற்றிருக்கிறீர்கள்.

அந்தப் பாதைக்கே பெயரான மனிதரை, இயற்கையைப் பற்றி எழுதிய ஜான் மியூரை, எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ரொட்டியும் தேயிலையுமாக மலையேறிவிடுவார் என்று மியூரைப் பற்றிச் சொல்லாத ஆள் இல்லை. 1880இல் லூயி ஸ்ட்ரென்ட்ஸலை மணந்தபின் மார்ட்டினெஸில் மாமனார் பழத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். தோட்டம் செழித்தது, மனிதர் இளைத்தார். 1888இல் அவர் ரெய்னியர் மலைப் பக்கம் போயிருந்தபோது லூயி ஒரு கடிதம் எழுதினார். இப்படி ஒரு வாழ்க்கையைப் பலி கேட்கிற தோட்டத்தைக் கண்காணாமல் வீசியெறிந்துவிடலாம் என்று அதில் இருக்கிறது. பிறகு நிலத்தில் ஒரு பகுதியை விற்றார்கள், ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டார்கள். மியூர் மலைக்கும் எழுத்துக்கும் திரும்பினார். நீங்கள் மியூர் கணவாய் ஏறும்போது இந்தப் பக்கம் வாண்டா ஏரி, அந்தப் பக்கம் ஹெலன் ஏரி. இரண்டும் மகள்களின் பெயர். பாதை ஓரத்தில் லூயிக்கு ஏதாவது இருக்கிறதா என்று வரைபடத்தில் தேடினேன். அகப்படவில்லை.

சரி, இப்போது நான் சொல்கிறபடி செய்யுங்கள். ஐந்து இடம் வேண்டாம். துவலமி மெடோஸ் புறப்பட்ட இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிடும், அதனால் ரெட்ஸ் மெடோ வரைக்கும் நீங்களே சுமங்கள், செத்துப்போக மாட்டீர்கள். ரெட்ஸ் மெடோவில் பார்சல் வாங்கி வைப்பார்கள். எடிசன் ஏரியை விட்டுவிட்டு, பாதி வழியில் இருக்கிற மியூர் ட்ரெயில் ராஞ்சுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியில் சாப்பாட்டை அடைத்து முன்னாலேயே தபாலில் அனுப்புங்கள். காசு வாங்குவார்கள், கொடுங்கள். ஆக, உங்கள் மனைவி வர வேண்டியது ஆனியன் வேலிக்கும் கடைசியில் விட்னி போர்ட்டலுக்கும் மட்டும்.

வருவதற்கு முன் ஒரு தாளில், உங்கள் கையெழுத்தில், எழுதிக் கொடுங்கள்: எந்த நாள் வருவேன், எந்த நாள் எந்த மணி வரை பயப்படாமல் இருக்கலாம், அதைத் தாண்டினால் எந்த எண்ணை அழைக்க வேண்டும். கலிபோர்னியாவில் காணாமல் போனவரைத் தேடுவது அந்தந்தக் கவுன்டி ஷெரிஃபின் பொறுப்பு, தேசியப் பூங்கா எல்லைக்குள் ரேஞ்சர்கள். இரண்டு எண்களும் தாளில் இருக்கட்டும். எங்களிடம் அந்தத் தாள் இல்லை. செய்தி அனுப்பவும் வாங்கவும் முடிகிற சாட்டிலைட் கருவி இப்போது கையடக்கமாக வந்துவிட்டது. வாங்குங்கள். 'ஒரு நாள் தாமதம், நலம்' என்ற நான்கு சொல் அவருக்குப் போக வேண்டும், அதற்காக.

இன்னொன்று. ஆனியன் வேலியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். அன்றைக்கு உங்கள் மனைவி கியர்சார்ஜ் கணவாய்க்கு ஏறி இறங்கட்டும். போகும்போது வரிசையாகச் சின்னச் சின்ன ஏரிகள், நல்ல பாதை. கூட நடக்கத் தோழி யாராவது இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் மகளை வைத்துக்கொண்டு அந்த இரும்புப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். எத்தனை மணிக்கு வருவார் என்று மகள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்பாள். பதில் சொல்லிப் பாருங்கள்.

அந்த நோட்டுப் பக்கத்தில் சனிக்கிழமைக்கு 41 கோடு. ஞாயிறுக்கு 58. கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் "வந்துட்டான் 7.10" என்று எழுதியிருக்கிறாள். அடுத்த வரியிலிருந்து பழையபடி கணக்கு: பெட்ரோல், ஓட்டல் ரூம் இரண்டு நாள், வாழைப்பழம், அவனுக்கு சாக்ஸ் ஒரு ஜோடி.