அல்பட்ராஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் திரியும் ‘அலையும் அல்பட்ராஸ்’ (wandering albatross) என்ற பெரிய கடற்பறவை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கவிதா: சிறகடிக்காமலே பறக்குமாமே, எப்படி அண்ணா?

சிறகை விரித்தால் 3 மீட்டருக்கு மேல் இருக்கும் கவிதா, சில 3.5 மீட்டரைத் தொடும். விரித்த சிறகைத் தோளில் இருக்கும் தசைநாண் பூட்டிக்கொள்ளும். அலையை ஒட்டிக் காற்று மெதுவாக வீசும், மேலே போகப் போக வேகம் கூடும். காற்றை எதிர்த்து ஏறி, உச்சியில் திரும்பி, காற்றோடு சரிந்து இறங்கும். அந்த வேக வித்தியாசம்தான் அதற்கு எரிபொருள். எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

அன்வர்: தாகத்துக்கு?

கடல்நீர்தான். கண்ணுக்கு மேலுள்ள சுரப்பி உப்பைப் பிரித்து மூக்கு வழியாக வெளியேற்றிவிடும்.

ஸ்டெல்லா: 50 வருடம் வாழும் பறவை ஏன் குறைந்துகொண்டே போகிறது?

முக்கியமான கேள்வி. ஒரு முறைக்கு ஒரே முட்டை. 11 வாரம் தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு பறக்க இன்னும் ஒன்பது மாதம் ஆகும். அதனால் குஞ்சை வளர்த்து முடித்த ஜோடி இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் முட்டையிடும், அதுவும் சுமார் 10 வயதுக்குப் பிறகு. இப்படிப்பட்ட பறவையில் வளர்ந்தவை செத்தால் ஈடுகட்டவே முடியாது.

சாவது பெரும்பாலும் தூண்டிலில். சூரை பிடிக்கும் கப்பல்கள் பல கிலோமீட்டர் நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான முட்களை இரையோடு இறக்கும். இரை அமிழ்வதற்குள் பறவை பாய்ந்து விழுங்கி, முள்ளில் மாட்டிக் கயிற்றோடு மூழ்கிவிடும். கூட்டில் காத்திருக்கும் குஞ்சும் பெரும்பாலும் பிழைக்காது. ஒற்றைப் பெற்றோரால் அதற்குத் தீனி போட்டு மாளாது.

முருகேசன்: நானும் கடல் தொழில்தான். மீன்பிடியை நிறுத்தவா முடியும்?

நிறுத்த வேண்டியதில்லை அண்ணாச்சி. இரவில் கயிறு இறக்கலாம், சீக்கிரம் அமிழ எடை கட்டலாம், கப்பலின் பின்னால் நாடா தொங்கும் விரட்டுக்கயிறு கட்டலாம். மூன்றும் சேர்ந்தால் சாவு வெகுவாகக் குறையும். தென் அட்லாண்டிக்கில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவைச் சுற்றி 1990களில் இப்படி விதி போட்ட பிறகு அங்கே தூண்டிலில் சாவது ஏறக்குறைய நின்றேவிட்டது. ஆனால் அதே தீவின் பறவைகள் இரை தேடி அந்த எல்லையைத் தாண்டிப் போகின்றன. அங்கே விதியைக் கடைப்பிடிக்காத கப்பல்களிடம் மாட்டுகின்றன.

தேன்மொழி: சுண்டெலி அல்பட்ராஸைத் தின்னும் என்பது உண்மையா?

உண்மை. தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மாரியன் தீவில் நடக்கிறது. அந்தச் சுண்டெலிகள் 1800களின் தொடக்கத்தில் சீல் வேட்டைக் கப்பல்களில் வந்தவை. இரவில் குஞ்சின் மேல் ஏறி உயிரோடு கொறிக்கும். தரையில் எதிரியே இல்லாமல் வளர்ந்த இனம், தட்டிவிடக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். இப்போது வளர்ந்த பறவைகளையும் கடிக்கின்றன. ஹெலிகாப்டரில் விஷ இரை தூவித் தீவு முழுக்க ஒரே மூச்சில் ஒழிக்கத் திட்டம் இருக்கிறது. தெற்கு ஜார்ஜியாவில் அப்படித்தான் எலிகளை ஒழித்தார்கள். 2018இல் எலியில்லாத தீவு என்று அறிவிக்கவும் செய்தார்கள். 2021இல் தென் அட்லாண்டிக்கின் கஃப் தீவில் செய்தபோது சில சுண்டெலிகள் தப்பி மறுபடி பெருகிவிட்டன. மாரியனில் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, ஜோடி தப்பினாலே போதும், பழைய கதைதான்.