பக்கத்து வீட்டுப் பூனை நோயோடு மெலிந்து கிடக்கிறது, வளர்ப்பவர் கண்டுகொள்வதில்லை. நான் என்ன செய்யலாம்?

பூனையைத் தூக்கும் முன்னால் அந்த வீட்டுப் படியேறிப் பேசுங்கள். "எனக்குத் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். "ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வரட்டுமா?" என்று அந்த ஒரு வேலையை மட்டும் கேளுங்கள். நான் இதை ஒன்றரை மாதம் தாமதமாகச் செய்தேன். அந்த ஒன்றரை மாத வலியையும் அந்தப் பூனைதான் அனுபவித்தது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு களியக்காவிளைக்குப் பக்கம். கொஞ்ச தூரம் நடந்தால் கேரளம். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. பேச்சு இன்றைக்கும் இரண்டுக்கும் நடுவிலேதான். பூனையை நாங்கள் பூச்சை என்போம். மலையாளத்திலிருந்து வாங்கிய சொல் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பழந்தமிழிலேயே பூனைக்குப் பூசை என்று பெயர் உண்டு.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டா தனியாக இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக் காலம் கழித்தவர். மகன் வளைகுடாவில், மகள் நாகர்கோவிலில். போன மாசியில் அவர் மனைவி இறந்துபோனார். சின்னு அந்த அம்மா வளர்த்த பூச்சை. அவர் இருந்தவரைக்கும் அது கட்டிலை விட்டு இறங்கிப் பார்த்ததில்லை. இடவப்பாதி மழை தொடங்கிய சமயம் எங்கள் அலக்குகல்லின் (துணி துவைக்கும் கல்) கீழே அது ஒதுங்கி நின்றதைப் பார்த்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. காதோரம் இரண்டும் தடித்து, மடங்கி, சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தன. நெற்றியில் முடியே இல்லை. இமை வீங்கி, கண் பாதிதான் திறந்திருந்தது. கல்லின் குழியில் தேங்கிய சோப்புத் தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சூடாகிறது. மனைவி கண்ணை மூடியதும் அவள் வளர்த்த உயிரை இப்படியா தெருவில் விடுவார் மனுஷன் என்று நினைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் யாரும் பார்க்காத நேரத்தில் பாலும் சோறும் வைக்கத் தொடங்கினேன். அதற்கு வயிற்றுப்போக்கு வந்தது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு மாட்டுப் பால் செரிக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு சாளை மீனை உப்பும் காரமும் போடாமல் வேகவைத்து, முள்ளெடுத்து வைத்தேன். அதைத் தின்றது. தின்றதும் எங்கள் வீட்டுச் சாய்ப்பிலேயே தங்கிவிட்டது. வயிறு நிறைந்ததே என்று எனக்கு ஒரு நிம்மதி. சொறி மட்டும் கழுத்துக்கும் முன்னங்கால்களுக்கும் இறங்கிக்கொண்டே இருந்தது. சோறு போட்டதிலேயே திருப்தியாகி, மருந்தைப் பற்றி யோசிக்காமல் விட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு.

ஒரு நாள் பாட்டா கம்பை ஊன்றிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கே வந்துவிட்டார். "பிள்ளே, எனக்க பூச்சைய நீ எடுத்து வளக்கியாக்கும்?" குரலில் சண்டை இல்லை, ஆனால் உதடு நடுங்கியது. நான் சேர்த்துவைத்திருந்த கோபத்தை எல்லாம் கொட்டினேன். சோறு போடவில்லை, மருந்து பார்க்கவில்லை என்று. அவர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "தினமும் வைக்கேன் மக்களே. மீன்கறியும் சோறும், அவ வைக்கிற அதே தட்டத்துல. அது மோந்து பாத்துட்டுப் போயிரும். அவ போன பெறவு அதுக்கும் மனசு இல்லன்னு நெனச்சேன்."

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை இந்தப் பூனையோடு சேர்த்து நான் யோசித்ததில்லை. சின்னுவை ஒரு பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து அதன் காதில் வைத்தேன். பெருவிரலால் காதோரத்தை மெல்லத் தடவினார். கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல். ஒரு பொருக்கு உதிர்ந்து அவர் வேட்டியில் விழுந்தது. "இதென்ன பிள்ளே, கருவாட்டுச் செதிள் போல?" என்று கேட்டார். முகமெல்லாம் புண், காரம் பட்டால் எரியும், அதனால்தான் கறியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது என்று சொன்னேன். அவர் வேறு எதுவும் பேசவில்லை. விரலைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் போனோம். அவரும் வந்தார். உங்களுக்கும் இதையே சொல்வேன்: முடிந்தால் வளர்ப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவர் சொல்வதை அவரே காதால் கேட்டால், பிறகு நீங்கள் எதையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்காது. பூனையைப் பார்க்க மாட்டார்களோ என்று தயங்கிக்கொண்டுதான் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். ஆட்டுக்கும் கன்றுக்கும் நடுவில் வரிசையில் நின்றோம்; நன்றாகவே பார்த்தார்கள். பெட்டிக்குப் பதில் இரண்டு பிளாஸ்டிக் பழக்கூடைகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து, நாலு மூலையிலும் கயிற்றால் கட்டியிருந்தோம். மேலே ஒரு துணியும் போட்டுவிட்டால் பூனை அடங்கி இருக்கும்.

அது நோட்டோட்ரெஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியால் வருகிற சொறி. காதோரத்தில் தொடங்கி முகம், இமை, கழுத்து என்று பரவும். பூனை காலால் முகம் துடைப்பதாலும் சுருண்டு படுப்பதாலும் பாதத்துக்கும் வாலடிக்கும் போகும். அப்படியே விட்டால் பூனை தின்னாமல் மெலிந்து செத்தே போகலாம். சிகிச்சையோ எளிது. எடை பார்த்தார்கள், 1 கிலோ 900 கிராம். அந்த எடைக்கு ஐவர்மெக்டின் தோலுக்கடியில் ஒரு ஊசி, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. இதே மருந்து மாட்டுக்கும் ஆட்டுக்குமான அளவில் கடையில் கிடைக்கிறதே என்று தயவுசெய்து நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அளவு கூடினால் நரம்பைத் தாக்கும். படுத்த சாக்கை எரித்துவிட்டு, துணிகளைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைக்கச் சொன்னார்கள். என் முழங்கையில் இருந்த அரிப்பும் இதனால்தான். இந்த உண்ணி மனிதத் தோலில் பெருகாது. பூனைக்குக் குணமானால் நமக்கும் தானாகப் போய்விடும்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி "வீட்டில் என்ன தடவினீங்க?" என்பதுதான். நான் ஒன்றும் தடவியிருக்கவில்லை, நல்லவேளை. தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவு என்று எங்கள் தெருவில் நாலு பேராவது சொல்லியிருந்தார்கள். மண்ணெண்ணெய் சொன்னவர்களும் உண்டு. பூனை தன் மேல் படும் எதையும் நக்கி விழுங்கிவிடும். கற்பூரம் அதற்கு விஷம். டெட்டால் ஊற்றிக் குளிப்பாட்டுவதும் அப்படியே. காய்ச்சல் போல் இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணிக்காக விடும் சொட்டுமருந்தில் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி இருந்தால் அதுவும் பூனைக்கு ஆபத்து. இரக்கத்தினால் செய்கிற காரியத்திலேயே உயிர் போகும் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

இன்னொன்று, உங்களுக்காக. கூடைக்குள் விடும்போது சின்னு என் மணிக்கட்டில் கீறி ரத்தம் வந்துவிட்டது. பாட்டா வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து சுண்ணாம்பு எடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினேன். பூனைக் கீறலிலும் ரேபிஸ் வரலாம். தடுப்பூசி போடாத பூனை, ரத்தம் வந்த காயம் என்றால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். எனக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும், கையில் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும் போட்டார்கள். "வீட்டுப் பூச்சைதானே" என்று விடாதீர்கள். கவனிப்பில்லாத பூனை வெளியில் எந்த நாயோடும் கீரியோடும் மல்லுக்கட்டியிருக்கும் என்பது யாருக்குத் தெரியும்?

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் பாட்டா மாதிரி இல்லாமல் இருக்கலாம். கதவைத் திறக்காதவராகவோ, "உன் வேலையைப் பார்" என்பவராகவோ இருக்கலாம். அப்போது சட்டம் உதவுமா என்று கேட்பீர்கள். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் முன்நின்று முயன்றதன் பயனாக வந்தது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன் 11-ஆம் பிரிவுப்படி, வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் தங்குமிடமும் கொடுக்காததே குற்றம்தான். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். அந்த ஐம்பது ரூபாய்க்காகப் புகார் கொடுத்தால் ஆயுளுக்கும் பகை மிஞ்சும், பூனையும் அதே வீட்டில்தான் கிடக்கும். கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது என்று போனால் கதை வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. அங்கே தயங்கவே வேண்டாம், படம் எடுத்து வைத்துக்கொண்டு காவல் நிலையம் போங்கள். அதே சமயம் சொல்லாமல் பூனையை எடுத்துப் போனால் உங்கள் மேலேயே திருட்டுப் புகார் வரலாம். சட்டத்தின் கண்ணில் அது அவருடைய உடைமை.

பேச முடியாதவரிடம் அவர் மதிக்கும் ஒருவர் வழியாகப் போங்கள். எங்கள் ஊரில் மீன் கொண்டுவரும் அக்கா சொன்னால் எந்த வீட்டிலும் கேட்பார்கள். உங்கள் ஊரில் பால்காரரோ வார்டு மெம்பரோ இருப்பார். "எனக்கு வேண்டாம், நீயே கொண்டு போ" என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அது வரைக்கும், அவருக்குத் தெரியும்படியே உணவு வையுங்கள். சோறு மட்டும் போதாது. டாரின் என்னும் சத்து பூனைக்கு இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும், அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். பக்கத்திலேயே தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

சின்னுவுக்கு இரண்டாவது ஊசி போட்டு ஒரு வாரத்தில் பொருக்கெல்லாம் உதிர்ந்து, காதில் பூனைமுடி ரோஸ் நிறத் தோலுக்கு மேல் பஞ்சு போல வந்தது. இரண்டு மாதத்தில் எடை 2 கிலோ 700. அடுத்து கருத்தடை செய்யலாம் என்றேன். பாட்டா ஒரு வாரம் சம்மதிக்கவில்லை, "அவளுக்க பூச்சையாக்கும், அதுக்க குட்டி ஒண்ணு வேணும்" என்றார். நானும் அதற்கு மேல் பேசவில்லை. பிறகு அவராகவே மகளிடம் போனில் பேசி, சரி என்றார். பாறசாலைக்கு அப்பால் ஒரு தனியார் கிளினிக்கில் அறுவை முடிந்தது. பணத்தில் பாதி மகள் அனுப்பினாள்.

இப்போது சின்னு அவர் வீட்டில்தான். மீன் வந்ததும் மதிலுக்கு மேலே ஒரு குரல் கேட்கும்: "பிள்ளே, சாளை நாலு எடுத்து வச்சிருக்கேன், முள்ளு எடுத்துத் தா." முள் எடுப்பது மட்டும்தான் என் வேலை, அவர் கண்ணுக்கு அது தெரியாது. கண் ஆபரேஷனுக்கு மகள் தேதி வாங்கியிருக்கிறாள். அதற்கு முன்னால் இந்தப் புதன்கிழமை சின்னுவுக்கு ரேபிஸ் தடுப்பூசி. பழக்கூடை இரண்டையும் பாட்டா நேற்றே கழுவி முற்றத்தில் கவிழ்த்து வைத்துவிட்டார்.